பூப் போட்டுப் பார்த்த நாள்

இரண்டு வருடங்களுக்கு முன், ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பூரில் ஒரு தியேட்டரில் இது ஆரம்பித்தது. நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். தைத்து வரும் துணியை விரித்துப் பார்த்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாவற்றையும் கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். முப்பது வருடமாக இதே வேலை. வாரத்தில் ஆறு நாள் நின்றுகொண்டே பார்க்கிறேன். ஏழாவது நாளாவது காலை நீட்டிப் படுக்கலாம் என்றால், என் மகள் விடவில்லை. சினிமாவுக்குப் போகலாம் என்று ஒரே பிடிவாதம். டிக்கெட்டே எடுத்துவிட்டாள். அவளாக எங்களை எங்கும் கூட்டிப் போகிறவள் இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அசதியில் வரவில்லை.

படம் ஒரு காதல் கதை. கடலில் நிற்கிற ஒரு கப்பல், அதற்குள் சூதாட்ட விடுதி. கதாநாயகி அங்கே சக்கரம் சுழற்றுகிற வேலை செய்கிறாள். கதாநாயகன் தினமும் வந்து அவள் மேஜையில் உட்கார்ந்து தோற்கிறான். அவளைப் பார்ப்பதற்காகவே தோற்கிறானாம். வேலை வெட்டி எதுவும் கிடையாது, சட்டை மட்டும் தினமும் புதுசு. பக்கத்தில் என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் அயர்ன் மாஸ்டர். நாள் முழுக்க ஆவியில் நிற்கிற மனுஷன், ஏ.சி.யில் உட்கார்ந்தால் எதற்கு வேண்டுமானாலும் அழுவார்.

இடைவேளையில் மகள் பாப்கார்னை நீட்டினாள்.

“எப்படிங்கம்மா இருக்குது படம்?”

“அவனுக்கு ஊட்டுல அரிசி பருப்பெல்லாம் யாரு வாங்கிப் போடறாங்களாமா?”

அவள் சிரிக்கவில்லை. “அம்மா, அந்த மாதிரி எடத்துல வேலை செய்யறவங்களும் மனுசங்கதானுங்க. சூதாடறவங்க வேற, அங்க வேலைக்கு நிக்கறவங்க வேற. எனக்கு ஒருத்தரைப் புடிச்சிருக்குது. அவரு கோவாவுல அப்படி ஒரு கப்பல்லதான் சீட்டுப் போடற வேலை பாக்கறாரு.”

விளக்கு அணைந்து படம் மறுபடி ஆரம்பித்துவிட்டது. மீதிப் படத்தில் என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் ஏன் அவ்வளவு கொதித்தேன் என்று சொல்லிவிடுகிறேன். என் அப்பாவுக்குப் பல்லடத்தில் நான்கு தறி சொந்தமாக இருந்தது. நான்கும் சீட்டாட்டத்தில் போயிற்று. ஒவ்வொரு தறியாகப் போனது. ஒவ்வொன்று போகும்போதும் ‘இன்னைக்குக் கை ஓடுச்சுன்னா எல்லாத்தையும் திருப்பீருவேன்’ என்பார். கை ஓடவேயில்லை. அம்மா கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கப் போனார். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கம்பெனிக்கு வந்தேன். சீட்டுக்கட்டு என்ற பேச்சைக் கேட்டாலே எனக்கு அந்தப் பண்ணை நாற்றம்தான் வரும். என் மகளைப் படிக்க வைத்து, ஏற்றுமதிக் கம்பெனியில் ஆபீஸ் வேலைக்கு அனுப்பி, கடைசியில் அவள் ஒரு சீட்டுக்காரனைக் கொண்டுவந்து நிறுத்துகிறாள்.

அடுத்த மாதம் அந்தப் பையன் லீவில் வந்தபோது வீட்டுக்கு வரச் சொன்னேன். திட்டி அனுப்பத்தான் வரச் சொன்னேன். அவர்களும் எங்களைப் போல நெசவுக் குடும்பம்தான், விருதுநகர்ப் பக்கம். அப்பா இல்லை. அம்மா பிழைப்புக்காகத் திருப்பூர் வந்து டெய்லராக இருக்கிறார். அவன் ஓட்டல் வேலைக்குப் படித்துவிட்டு கோவா போனவன்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “நல்லாருக்கீங்களா அத்தை?” என்றான்.

“யாருக்கு யாரு அத்தை? மொதல்ல உள்ள வந்து உக்காரு.”

உட்கார்ந்தான். நான் காபி கூடக் கொடுக்கவில்லை. “நீ சீட்டு ஆடுவியா?” என்று நேராகவே கேட்டேன்.

“ஆட மாட்டேன் அத்தை. ஆடக் கூடாது, ஆடுனா வேலை போயிரும். கார்டு போடறது மட்டும்தான்.”

“சாராயக் கடையில ஊத்திக் குடுக்கறவன், நான் குடிக்கறதில்லைன்னு சொல்ற மாதிரியா?”

“ஆமா அத்தை. அதே மாதிரிதான்.”

சண்டைக்கு நின்றவளுக்கு இப்படி ஒரு பதில் வந்தால் என்ன செய்வது? என் கணவர் இடையில் புகுந்து, “ஏன் தம்பி, அந்தப் படத்துல வர்ற மாதிரி ராசியான பொண்ணு பக்கத்துல நின்னா நெசமாவே ஜெயிக்குமா?” என்று கேட்டார்.

“ராசியெல்லாம் ஒண்ணுமில்லை மாமா. பணம் எப்பவும் கம்பெனிக்குத்தான். பாதிப் பேரு வீட்டுக்குப் போகப் பஸ் காசு கேட்டு நிப்பாங்க.”

“அப்பறம் என்ன எழவுக்கு அந்த வேலை?” இது நான்.

“அம்மாவோட முதுகு போயிருச்சு அத்தை. இன்னும் ரெண்டு வருசம் பார்த்தேன்னா மிஷின்ல இருந்து எழுப்பிருவேன்.”

என் கணவர் வற்புறுத்தியதில் சாப்பிட்டுக் கை கழுவியவன், இரண்டு கையையும் ஒரு தட்டுத் தட்டி, உள்ளங்கையை விரித்துத் திருப்பிக் காட்டினான். யாருக்குக் காட்டுகிறாய் என்று கேட்டேன். வெட்கப்பட்டான். மேஜையை விட்டு எழும்போது கையில் எதையும் எடுத்துப் போகவில்லை என்று கேமராவுக்குக் காட்ட வேண்டுமாம். பழக்கம் வீட்டிலும் வந்துவிடுகிறது என்றான். திருட்டுக் கூட்டம் என்றுதானே கேமரா வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

மகள் பிடித்த பிடியை விடவில்லை. நானும் விடவில்லை. வீட்டில் ஒரு மாதம் டி.வி. சத்தம் மட்டும்தான். கடைசியில் என் கணவரின் அண்ணன் வந்தார். குடும்பத்தில் அவர் சொல்வதுதான் முடிவு. எங்கள் பக்கத்தில் ஒரு காரியம் இழுபறியாக நின்றால் குலதெய்வக் கோயிலில் பூப் போட்டுப் பார்ப்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். ஒரே அளவாகக் கட்டிச் சாமி முன்னால் வைத்து, விஷயம் தெரியாத மூன்றாம் ஆள் ஒருவரை ஒன்றை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் வேண்டாம். அதற்கு மேல் பேச்சில்லை.

“சாமி என்ன சொல்லுதோ அதுக்கு ரெண்டு பேரும் கட்டுப்படோணும். சம்மதமா?” என்றார் பெரியவர்.

மகள் யோசித்தாள். “சம்மதமுங்க பெரியப்பா” என்றாள். நானும் தலையாட்டினேன். நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

கோயில் தாராபுரம் ரோட்டில் இருந்து உள்ளே போக வேண்டும். வெள்ளிக்கிழமை காலை போனோம். நாங்கள் மூன்று பேர், பெரியவர், மறுபடி லீவு போட்டு வந்த அந்தப் பையன், அவன் அம்மா. அந்த அம்மா பஸ்ஸில் வந்த களைப்பில் தூணைப் பிடித்து உட்கார்ந்தார். பூசாரி அலங்காரம் செய்துகொண்டிருந்தார். “யாராச்சும் இலையைக் கிழிச்சுப் பூவைக் கட்டி வைங்க, வந்தர்றேன்” என்று உள்ளேயிருந்து சொன்னார். நான்தான் எழுந்தேன்.

கோயில் மதிலை ஒட்டிச் செவ்வரளியும் வெள்ளரளியும் இருந்தன. இரண்டிலும் பறித்தேன். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கையில் கொண்டுவந்தேன். வாழை இலையைக் கிழித்து இரண்டு துண்டாக்கினேன். ஒன்றில் சிவப்பை வைத்து மடித்தேன். இன்னொன்றிலும் சிவப்பை வைத்து மடித்தேன். வெள்ளைப் பூ உள்ளங்கையில் இருந்தது. நார் எடுக்கக் குனிகிற மாதிரி குனிந்து அதை இடுப்பில் செருகிக்கொண்டேன். துணியை ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை மடிக்கிற கை, யாருக்கும் தெரியவில்லை.

நிமிர்ந்தபோது எதிரில் அந்தப் பையன் உட்கார்ந்திருந்தான். என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பார்த்ததும் பார்வையை மதில் பக்கம் திருப்பிக்கொண்டான். பார்த்திருப்பானோ என்று ஒரு நிமிடம் பட்டது. ஆனாலும், இவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். அவன் பிழைப்பே அடுத்தவர் கையைப் பார்ப்பதுதான் என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

விளக்குப் போட வந்த முன்பின் தெரியாத ஒரு அம்மாவை எடுக்கச் சொன்னார்கள். அவர் கும்பிட்டு ஒன்றை எடுத்தார். பூசாரி பிரித்தார். சிவப்பு.

என் மகள் சத்தம் போட்டு அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு சாமியையே பார்த்தாள். என் கணவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். முடிந்தது, போகலாம் என்று நான் எழுந்தேன். அப்போது பெரியவர், “எதுக்கும் இன்னொண்ணையும் பிரிச்சுப் பாத்தர்லாம். புள்ளைக்கு மனசுல ஒரு கொறை இருக்கக் கூடாது பாரு” என்று கையை நீட்டினார்.

என் மகள், புருஷன், சம்பந்தி ஆக வந்த அம்மா, பூசாரி, எல்லோர் முன்னாலும் அது பிரியப் போகிறது. தப்பிக்க வழியே இல்லை.

அந்தப் பையன் சட்டென்று குனிந்து அந்தப் பொட்டலத்தை எடுத்தான்.

“வேண்டாம் பெரியப்பா. சாமி ஒரு தடவை சொன்னா போதும். மறுபடி பிரிச்சா நாம நம்பலைன்னு ஆயிரும்.”

சொல்லிக்கொண்டே நடந்து போய், கோயில் கிணற்றில் போட்டுவிட்டான். போட்டுவிட்டு இரண்டு கையையும் தட்டி, உள்ளங்கையை விரித்துத் திருப்பினான். தெரிந்து செய்தானோ பழக்கத்தில் செய்தானோ, எனக்குத் தெரியாது. என் இடுப்பில் அந்த வெள்ளைப் பூ தேள் மாதிரி இருந்தது.

“பையன் நல்ல புத்திசாலி. கொடுப்பினை இல்லை” என்றார் பெரியவர். அவன் தன் அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தான். என் மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் ஒன்பது நாள். மகள் வேலைக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள். “சாமியே சொல்லீருச்சில்லீங்கம்மா” என்று ஒருமுறை அவளே எனக்கு ஆறுதல் சொன்னாள். நான் வருத்தப்படுகிறேன் என்று நினைத்துவிட்டாள். அன்றைக்கு நான் கம்பெனியில் ஓட்டைத் துணியை நல்ல துணியோடு போட்டுவிட்டேன். முப்பது வருடத்தில் முதல்முறையாக சூப்பர்வைசர் என்னிடம், “ஏனுங்கக்கா, கண்ணு தெரியலீங்களா?” என்று கேட்டான். கோபம் வரவில்லை. கோபமே வராமல் நான் இருந்ததில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பத்தாம் நாள் டீ நேரத்தில் ஜெனரேட்டர் பக்கம் போய் நின்று, அவனுக்குப் போன் செய்தேன். நம்பர் என் கணவர் போனில் இருந்தது. அவர் அழிக்கவில்லை.

“சொல்லுங்கத்தை.”

“அன்னைக்கு நீ பாத்தியா?”

“பார்த்தேன் அத்தை. ரெண்டுலயும் செவப்புதான் வச்சீங்க.”

“அப்பறம் ஏன் சொல்லலை? சொல்லீருந்தா அன்னைக்கே கல்யாணத்தைப் பேசி முடிச்சிருப்பாங்களே!” நான் தப்புச் செய்துவிட்டு அவனைத் திட்டுகிறேன். என் வாய் அப்படி.

“எங்க மேஜையில எப்பவாச்சும் ஒரு ஆளு கார்டை மறைப்பாங்க அத்தை. நான் கையத் தூக்கணும். தூக்குனா ரெண்டு பேரு வந்து எல்லாரு முன்னாடியும் கூட்டிட்டுப் போவாங்க. போறப்ப ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாங்க. அந்த மொகத்தைப் பார்த்துட்டா எனக்கு ரெண்டு நாளைக்குச் சோறு எறங்காது. உங்க மொகத்துல அதைப் பார்க்க மனசு வரலை.”

“அப்ப எம் பொண்ணு?”

“அதை நீங்கதான் அத்தை சொல்லணும். நான் சொன்னா உங்களைப் புடிச்சுக் குடுத்த மாதிரி ஆயிரும்.”

மணி அடித்துவிட்டது. நான் போனை வைத்துவிட்டு மேஜைக்குப் போனேன். அன்றைக்கு எத்தனை துணி பார்த்தேன் என்று தெரியாது.

மறுநாள் காலை மகள் தலை சீவிக்கொண்டிருந்தாள். பூசி மெழுகிப் பேச எனக்கு வராது. “நான் ரெண்டு பொட்டலத்துலயும் செவப்பைத்தான் வெச்சேன் கண்ணு” என்றேன்.

சீப்பு அப்படியே நின்றது. “ரெண்டுலயுமா?”

“ரெண்டுலயும்.”

“அவருக்குத் தெரியுமா?”

“பாத்துட்டான். எம் மானம் போயிரும்னுதான் கெணத்துல போட்டானாம்.”

என்னைத் திட்டுவாள், அழுவாள், அந்தப் பையனை நினைத்துச் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன்.

“நல்லாருக்குதுங்கம்மா. நீங்க என்னைய ஏமாத்துனீங்க. அவரு உங்களைக் காப்பாத்தறதுக்கு என்னைய விட்டுக் குடுத்துட்டாரு. ரெண்டு பேரும் சேந்து நல்லவங்களாயிட்டீங்க. நடுவுல நான் ஒருத்தி இருக்கறனே, எனக்கு என்ன வேணும்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

சீப்பைக் கட்டிலில் எறிந்துவிட்டு, பாதிப் பின்னலோடு வேலைக்குப் போனாள். அன்றைக்கு மத்தியானம் அவனுக்கும் போன் போட்டு இதே மாதிரி கேட்டிருக்கிறாள். பிறகு இரண்டு மாதம் அவனோடும் பேசவில்லை. அவன் செய்ததை நான் பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்ன பிறகுதான் அதிலும் ஒரு பிசகு இருக்கிறது என்று தெரிந்தது. அவனுக்கும் தெரிந்திருக்கும்.

பெரியவரிடமும் நானே போய்ச் சொன்னேன். என் கணவர், நான் வேண்டுமானால் சொல்கிறேன் என்றார். வேண்டாம் என்றேன். பெரியவர் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு மண்வெட்டியைக் கீழே வைத்தார். கத்துவார் என்று நின்றேன்.

“உங்கப்பன் மனுசங்க கூடத்தான் சீட்டாடுனான் அம்மிணி. நீ சாமிகிட்டயே ஆடீட்டியே” என்றார்.

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. வாழ்நாள் முழுக்க அப்பாவைத் திட்டியவள் நான். அவர் சாகக் கிடந்தபோதுகூட மனசு இறங்கவில்லை. ஆனால் அவர் யாரையும் ஏமாற்றி ஜெயித்ததாக ஒருத்தரும் சொன்னதில்லை. தோற்றார், தோற்றதைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தார். தோற்கக் கூடாது என்று கார்டை மறைத்தது நான்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் நான் உட்காரவில்லை.

மறுபடி பூப் போட்டுப் பார்க்கலாமா என்று பெரியவர் கேட்டனுப்பினார். மகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். “நான் யோசிச்சுச் சொல்றேனுங்க” என்றாள். யோசிக்க அவளுக்கு ஆறு மாதம் ஆனது. அந்தப் பையன் இரண்டு முறை கோவாவில் இருந்து வந்து, தெருமுனை டீக்கடையில் நின்றுவிட்டுப் போனான். வீட்டுக்குள் வரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்றாம் முறை அவளே போய்ப் பேசினாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, சொல்லவும் இல்லை.

ஆனியில் ஒரு முருகன் கோயிலில் கல்யாணம் முடிந்தது. பெரியவர் வந்தார், என்னிடம் மட்டும் பேசவில்லை. அந்தப் பையன் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறான். எனக்கு இன்னும் அந்த வேலை பிடிக்கவில்லை, அதை அவனிடமே சொல்லியிருக்கிறேன். அவனும் “சரிங்கத்தை” என்கிறான். மகள் கோவாவிலேயே ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்க்கிறாள். வாரம் ஒருமுறை போன் வரும். நல்லபடியாகத்தான் பேசுகிறாள். வேலை மாற்றியது, வீடு மாற்றியது, மாசமாக இருப்பது, எல்லாம் சொல்கிறாள்.

ஆனால் ஒன்று. சின்ன வயதிலிருந்து எந்தக் கலரில் சுடிதார் எடுப்பது என்பதுவரை என்னிடம் கேட்டுச் செய்தவள், இப்போது எதையும் கேட்பதில்லை, முடிவு செய்த பிறகு சொல்கிறாள். அது நியாயம்தான் என்று ஒப்புக்கொள்வதற்கே என்னைப் போன்ற வாய்க்காரிக்கு இரண்டு வருடம் ஆகிவிட்டது.